ஒரு தடவை கேட்டவர்

— ஒரே ஒரு தடவதான் கேட்டாரா உங்க மேனேஜர்?

— ஒரே தடவதான். "சூப்பர்வைசர் வேலைய எடுத்துக்கறீங்களாம்மா?"ன்னாரு. "வேண்டாம் சார்"ன்னேன். "சரிம்மா"ன்னு ஃபைல மூடிட்டாரு.

— மூடிட்டாரா! அட கடவுளே, அந்த மேட்டுப்பக்கத்து ஆளுங்களே அப்படித்தான். நம்ம பக்கம் யாராவது ஒண்ணு குடுத்தா மொதல்ல வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவயும் இழுக்கணும். மூணாவது தடவ, "இவ்வளவு தூரம் சொல்றீங்களே"ன்னு வாங்கிக்கணும். அதுதான் மரியாத. அந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?

— தெரியாதுதான். மாத்தலாகி வந்து நாலு மாசம்தானே ஆவுது.

— நேத்து நடந்தத நீ சொல்லவே இல்ல. உங்க ஸ்டோர்கார அண்ணன வழியில பாத்துத்தான் எனக்கே தெரியுது. ஸ்கூட்டர் சாவி எங்க?

— எங்க கெளம்பிட்டீங்க?

— உங்க ஃபாக்டரிக்குத்தான். நாலு மணிக்கு வேற யார் பேரையோ நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறாங்களாம். அதுக்குள்ள அவரப் பாத்து, "சார், எங்க பக்கம் வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம் இல்ல, இன்னும் ரெண்டு தடவ கேளுங்க"ன்னு பக்குவமா சொல்லிட்டு வந்துர்றேன். சட்டப் பையிலயும் சாவி இல்லையே!

— மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க. எனக்கும் திரும்பிப் போக நேரமாவுது.

— சாப்பாடு எங்க ஓடிப்போவுது? சொல்றதக் கேளு. கண்டக்டர் டிரெயினிங்குக்கு அந்தப் பக்கம் மூணு மாசம் இருந்தவன் நான். ஒரே நாடுதான், ஒரு நாள் ரயில் பயணம்தான். ஆனா என்ன ஜனங்க! "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"ம்பாங்க. மரியாதைக்கு வேண்டாம்பேன். உடனே சட்டிய உள்ள தூக்கிட்டுப் போயிருவாங்க. அரை வயித்தோட எழுந்து வருவேன். கெளம்பறேன்னு சொன்னா, சரின்னு கதவச் சாத்திருவாங்க. நம்ம வீட்டுல கெளம்பறேன்னு சொன்னப்புறம்தான் வாசல்ல பேச்சே சூடு பிடிக்கும்!

— அவங்களுக்கு நம்மளப் பாத்தாதான் பைத்தியக்காரங்க மாதிரி இருக்கும்.

— சிரிக்காத. தலைபோற விஷயம் இது. குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. ரெண்டு ரூம். பெரியவ தனியா உக்காந்து படிப்பா. டெப்போ பூரா சொல்லிட்டேன்.

— அதுக்குள்ளயா?

— பின்ன? உனக்குத்தான் கெடைக்கப்போவுதுன்னு பேச்சு வந்தப்பவே, போன வாரமே சொல்லிட்டேன். வா, நீயும் கெளம்பு. நீ பக்கத்துல நின்னா போதும், நான் பேசிக்கறேன்.

— ஏங்க, சாவி என் கையிலதான் இருக்கு.

— குடு, குடு.

— குடுக்கமாட்டேன். எனக்கு அந்த வேல வேண்டாம்.

— எங்கிட்டயுமா? சரி, நானும் கேட்டுர்றேன். வேணுமா? வேணுமா? வேணுமா? மூணு ஆச்சு. போதுமா?

— விளையாடாதீங்க. நான் துணி வெட்டறவ. நூறு அடுக்குத் துணிய ஒரே கோட்டுல வெட்டி எடுத்தா அன்னைக்குப் பூரா மனசு நெறஞ்சு கெடக்கும். சூப்பர்வைசர்னா கையில கடிகாரத்த வெச்சுக்கிட்டு, எங்கூட உக்காந்து சாப்பிடற பொம்பளைங்க பாத்ரூம் போயிட்டு வர எத்தன நிமிஷம் ஆவுதுன்னு பாத்துக்கிட்டு நிக்கணும். என்னால முடியாது.

— இத அவர்கிட்ட சொன்னியா?

— சொல்ல வேண்டியே வரல. வேண்டாம்னேன், ஏத்துக்கிட்டாரு. வெளிய வந்து கட்டிங் டேபிளப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

— பாத்தியா! கைக்கு வந்தது போச்சேன்னு அழுதிருக்க.

— இல்லைங்க. நான் வேண்டாம்னு சொன்னத ஒருத்தர் அப்படியே ஏத்துக்கிட்டாரேன்னு அழுதேன்.

— சும்மா எதையாவது பேசாத. இருபது வருஷம் ஒண்ணா இருக்கோம், எனக்கு உன்னத் தெரியாதா? நீ எதுக்குமே மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவ. எங்கம்மாவும் அக்காவும் உன்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப என்ன சொன்ன? மூணாவது தடவயும் வேண்டாம்னு சொன்ன! இவ்வளவு அடக்கமான பொண்ண எங்கயும் பாத்ததில்லன்னு எங்கம்மா பூரிச்சுப்போயி அங்கேயே நாள் குறிச்சாங்க. வீடே சிரிச்சுதே, ஞாபகம் இல்ல?

— இருக்கு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நான் அன்னைக்கும் நிஜமாத்தாங்க சொன்னேன்.