எறும்பு நடந்தாலும் கேட்கும் மைக்

வீட்டில் இருந்து பாட்டுப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் கணினி வாங்கப் போனால், முதலில் பெட்டியின் வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அது பிழை. முதலில் மைக்கைத் தீர்மானிக்க வேண்டும். மைக் எது என்று முடிவானால் எந்த அறையில் பதிவது என்பது முடிவாகும். அறை முடிவானால் மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது முடிவாகும். மற்றதெல்லாம் தானாக வந்து பொருந்தும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் தாளும் பேனையும் தந்து, "நடந்ததை முதலில இருந்து எழுதுங்கோ அப்பு, கதை விடாதேங்கோ" என்று சொன்னீர்கள். முதல் என்றால் மைக்தான்.

என் பெயர் ஏரம்பு. வயது எழுபத்தொன்று. மாங்குளம் சந்தியில் முப்பது வருடம் றேடியோ திருத்தினேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ஏழு வீட்டுக்குச் செய்தி கேட்க வைத்திருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவை கனகராயன்குளத்து முதலையின் வயிற்றில் இருக்கின்றன. முதலை பதினெட்டு அடி.

அந்த முதலையைப் பற்றிக் கேட்பதற்கென்றே செல்வராசாவின் தேத்தண்ணிக் கடைக்கு ஆட்கள் வருவார்கள். மணிக்கூட்டுக்குக் கீழே எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. நான் இல்லாத நாட்களிலும் அதில் வேறு யாரும் இருப்பதில்லை. மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தக் கதிரை இருந்தது.

மெல்ரொன், புனிதத்தின் ஒரே மகன். வயது இருபத்துமூன்று. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்த குடும்பம். தகப்பன் கடலோடு போன பிறகு தாயும் மகனும் இடம்பெயர்ந்து மாங்குளத்துக்கு வந்தவர்கள். அவன் பகலில் சைக்கிள் கடையில் வேலை செய்வான், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீபோட் வாசிப்பான். மிக நல்ல காது. ஒரு சைக்கிள் சில்லைச் சுற்றிவிட்டு, எந்தக் கம்பி இளகியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். அவனில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

சண்டை நின்று வவுனியாப் பாதை திறந்து ஒரு வருடம் கழிந்த நேரம் அது. மெல்ரொன் மூன்று மாதமாக ஒரு சின்ன ரேப் ரெக்கோடரைப் பைக்குள் வைத்து என் கதைகளைப் பிடித்திருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒரு நாள் பின்னேரம் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அதை மேசையில் வைத்து ஓடவிட்டான். என் குரல் பதினெட்டு அடி என்றது. பிறகு இருபத்திரண்டு அடி என்றது. பிறகு பதினாறு. ஒன்றில் முதலை கடித்தது இடது கையை.

"அப்பு, உங்கட முதலை வளருது, பிறகு தேயுது. அது முதலையோ, நிலவோ?" என்றான் மெல்ரொன்.

"மாரிக்கு ஒரு நீளம், கோடைக்கு ஒரு நீளம்போல," என்றார் செல்வராசா.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன். செல்வராசாவைக் கேளுங்கள், சொல்லுவார்.

அதற்குப் பிறகு நான் வாய் திறந்தால், "எத்தனை அடி?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். இரண்டு கிழமை கழித்துப் போனபோது என் கதிரையில் ஒரு லொறிக்காரர் இருந்தார். நல்ல மனிதர். எழும்பவில்லை.

மெல்ரொன் அதோடு விடவில்லை. கனடாவில் இருக்கும் தாய்மாமன் கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். "கொம்பியூற்றர் வரட்டும் அப்பு, உங்கட குரலை வெட்டி வெட்டி ஒட்டி, மேளமும் போட்டு ஒரு முதலைப் பாட்டு அடிக்கிறன். திருநாளுக்கு லவுட்ஸ்பீக்கரில போடுவம். வவுனியா வரைக்கும் நீங்கள்தான் பேமஸ்," என்றான். அவன் என்னைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. என்னைச் சந்தோசப்படுத்துவதாகவே நினைத்தான். கோயில் திருநாளுக்கு நாலு பக்கத்தில் இருந்தும் சனம் வரும். முதலையைப் பற்றித் தெரியாத ஊர்களில் இருந்தும் வரும்.

கணினியைத் தெரிவுசெய்து தருகிறேன் என்று நானாகத்தான் போய்ச் சொன்னேன். அவனுடைய வயதுக்காரருக்கு வவுனியா போக இயக்கத்திடம் பாஸ் எடுப்பது லேசான காரியம் இல்லை. கிழவன் எங்கே போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். புனிதம் சந்தோசப்பட்டா. "ஏரம்பு அண்ணை, உங்களுக்குத்தான் கரண்ட் விசயம் தெரியும். நீங்களே பாத்து நல்லதா வாங்கித் தாங்கோ. அவன் உங்களைப் பகிடி பண்ணுறான் எண்டு மனசில வைக்காதேங்கோ," என்று சொல்லி, வழிக்குப் புட்டும் மீன் பொரியலும் கட்டித் தந்தா.

மனசில வைக்கவில்லை என்று சொன்னேன்.

வவுனியாவில் நெளுக்குளம் போகிற பக்கம் றிஃபாத் என்ற பிள்ளை கணினிக் கடை வைத்திருக்கிறான். அவனும் முல்லைத்தீவுப் பிள்ளைதான். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது பத்து வயதில் போனவன். நம்முடைய பக்கத்தில் இருந்து யார் வந்தாலும் கதிரை போட்டு, சோடா வாங்கித் தந்துதான் வியாபாரம் கதைப்பான். விசயத்தைச் சொன்னேன்.

"ஐயா, உங்கட பக்கம் கரண்ட் இல்லைதானே. இந்த மடிக்கணினியை எடுங்கோ. ஆரோ பாவிச்சதுதான், ஆனா சார்ஜ் போட்டா ரெண்டு மணித்தியாலம் ஓடும். பதிவு செய்யேக்க ஜெனரேற்றர் தேவையில்லை. மைக்குக்கு இந்த மேடை மைக் காணும். வாய்க்குக் கிட்டப் பிடிச்சா வேற சத்தம் எடுக்காது. வீட்டு அறைக்குள்ளேயே வேலை முடியும்."

நேர்மையான ஆலோசனை. வீட்டு அறையும் திறந்த யன்னலும் போதுமான ஒரு ஏற்பாடு. நான் கொஞ்சம் யோசித்தேன்.

"இதைவிட நல்ல மைக் இல்லையோ?"

"இருக்கு, கொழும்பில இருந்து எடுப்பிக்கலாம். ஆனா அது ஸ்ரூடியோவுக்கு ஐயா. வீட்டில வைச்சா எறும்பு நடந்தாலும் கேக்கும்."

"அதுதான் வேணும்," என்றேன்.

மைக் முடிவானதும் மற்றவை சுலபம். பெட்டிக்குப் பென்ரியம் நாலு கேட்டேன். வேகமானது, சூடும் கூட, மின்சாரமும் கூடக் குடிக்கும். கண்ணாடிக் குழாய் வைத்த பெரிய திரை. கீபோட்டில் விரல் வைத்ததும் சுணங்காமல் சத்தம் வருகிற தனி சவுண்ட் காட். பாட்டுகளுக்கென்று இரண்டாவது ஹாட் டிஸ்க். கரண்ட் நின்றால் தாங்குகிற யூபிஎஸ் மட்டும் சின்னதாக எடுத்தேன். ஆறு நிமிடம் தாங்கும்.

"இதெல்லாம் ஜெனரேற்றர் இல்லாம ஓடாது, ஐயா," என்றான் றிஃபாத்.

"என்னட்டை ஒண்டு இருக்கு."

அந்த நேரத்தில் என் மனதில் ஒரு எண்ணமும் இருக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல காதுள்ள பிள்ளைக்கு நல்ல சாமான் வாங்கினேன், அவ்வளவுதான்.

மைக் கொழும்பில் இருந்து வரும் வரை பத்து நாள் வவுனியாவில் தங்கினேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெட்டிகளை எல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு ஆமிக்காரர் மைக்கைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டார். கோயில் பாட்டுக்கு என்றேன். அவர் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தார்.

புனிதத்தின் வீட்டு அறையில் எல்லாவற்றையும் பூட்டிப் பதிவு செய்து பார்த்தோம். றிஃபாத் சொன்னது சரி. பாட்டுக்குப் பின்னால் புனிதம் குசினியில் தேங்காய் துருவினா. பின்வளவில் மாடு அசைபோட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஜெனரேற்றர் இரைந்தது. மெல்ரொன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். "அப்பு, இந்த மைக் பாட்டை விட மாட்டைத்தான் நல்லா எடுக்குது," என்றான்.

"உங்கட வளவில பங்கர் இருக்குத்தானே," என்றேன்.

குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பங்கர் இல்லாத வீடு அப்போது மாங்குளத்தில் இல்லை. சமாதானம் வந்த பிறகு யாரும் உள்ளே போவதில்லை. புனிதம் அதற்குள் விறகும் பொச்சுமட்டையும் அடுக்கி வைத்திருந்தா. பனங்குற்றி அடுக்கி, மேலே ஐந்து அடி மண் போட்ட பங்கர். அதற்குள் மாட்டுச் சத்தம் வராது. மெல்ரொன் என்னைக் கட்டிப் பிடித்தான். இரண்டு நாள் இருந்து விறகை வெளியே எடுத்து, முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டி, மேசை போட்டு, கணினியை உள்ளே இறக்கினோம்.

பங்கருக்கு இரண்டு வாசல் வைப்பது வழக்கம். ஒன்று இடிந்து மூடினால் மற்றதால் வெளியே வரலாம். முன்வாசலுக்கு மரச்சட்டத்தில் மெத்தை அடித்துக் கதவு செய்தேன். பின்வாசல் படியில் ஜெனரேற்றரை இறக்கி வைத்து, வெளிப்பக்கம் மண்மூட்டை அடுக்கி, உள்பக்கம் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டேன். அப்படி வைத்தால்தான் சத்தம் முன்வாசல் பக்கம் சுற்றி வராது. புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்த்தது என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். உள்பக்கம்.

மெல்ரொனும் கேட்டான். "புகை உள்ளுக்கு வராதோ, அப்பு?"

அவனுக்கு நான் பொய் சொல்லவில்லை. தடைக் காலத்தில் அடைத்த கொட்டிலுக்குள் ஜெனரேற்றரை ஓடவிட்டு ஒன்பது கோழியைச் சாகக் கொடுத்திருக்கிறேன். மணமும் இல்லை, சத்தமும் இல்லை, நித்திரை மாதிரி. அதை அப்படியே சொன்னேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "போன முறை பதினொரு கோழி எண்டியள்."

அந்தக் கதை உண்மைக் கதை, ஐயா. ஒன்பதோ பதினொன்றோ, கோழிகள் செத்தது உண்மை. நான் எச்சரித்தேன். அவன் எண்ணிக்கையைத் திருத்தினான். பிறகு இதில் நான் செய்ய என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, பத்து மணி இருக்கும். திருநாள் சமையலுக்கு அரிசி புடைக்கப் புனிதம் கோயிலில் நின்றுவிட்டா. அன்றைக்கு மாதாவுக்கு ஒரு பாட்டு, திங்கட்கிழமை முதலைப் பாட்டு என்பது மெல்ரொனின் திட்டம். ஜெனரேற்றரை இழுத்து ஓடவிட்டேன். மெத்தைக் கதவைச் சாத்தினேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, தேத்தண்ணி குடிக்கச் செல்வராசாவின் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மேசையில் தலை வைத்துக் கிடந்தான். இதைத்தான் அன்றைக்குச் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள்.

சவப்பெட்டியின் ஒரு மூலையை நான் பிடித்தேன். புனிதம் என் கையைப் பிடித்து அழுதா. "நீங்கள் சொன்னனீங்களாம் அண்ணை, கோழிக் கதை. அவன் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன். நீங்கள் உங்களை நோகாதேங்கோ," என்றா. அன்று பின்னேரம் செல்வராசா என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் மணிக்கூட்டுக்குக் கீழே இருத்தினார். அதற்குப் பிறகு யாரும் எத்தனை அடி என்று கேட்கவில்லை.

நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையில் மகனுடைய பாட்டைப் போடவேண்டும் என்று அந்தத் தாய் ஆசைப்பட்டா. பெட்டியைத் துணியில் சுற்றி, பாஸ் எடுத்து, தனியாகவே வவுனியா கொண்டு போனா. கரண்ட் நின்றதில் பதிவு அரைகுறையாக ஹாட் டிஸ்க்கில் கிடந்திருக்கிறது. றிஃபாத் இரண்டு நாள் இருந்து அதை மீட்டுக் கொடுத்திருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை. புனிதம் திரும்பி வந்து என்னிடம் வரவில்லை. காவல்துறைக்கு, உங்களிடம் வந்தா.

நேற்று நீங்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். பாட்டு நாலு நிமிடம். அருமையாகப் பாடியிருக்கிறான். மாடு இல்லை, தேங்காய் இல்லை, ஜெனரேற்றர்கூட ஒரு மெல்லிய இரைச்சல்தான். இரண்டாவது முறை பாடும்போது வார்த்தை குழறுகிறது. மூன்றாவது முறை நடுவில் நிற்கிறது. பிறகு கதிரை விழுகிற சத்தம். "அப்பு, தலை இடிக்குது. கதவைத் திறவுங்கோ." பிறகு மெத்தைக்கு வெளியே இருந்து ஒரு குரல், "நல்லா வந்தது தம்பி. இன்னொருக்கால் பாடு." அது என் குரல்தான். சாதாரண மேடை மைக்காக இருந்தால் இதை எடுத்திருக்காது.

ஐந்து நிமிடம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பதிவு ஐம்பத்திரண்டு நிமிடம் என்கிறீர்கள். பெற்றோல் முடியும் வரை ஓடியிருக்கிறது. கடைக்கு நான் அதற்குப் பிறகுதான் போனேன். அப்படியென்றால் அவ்வளவு நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். பதிவில் நீங்களே அதைக் காதால் கேட்டுவிட்டீர்கள், இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும் என்கிறீர்கள். எழுதுகிறேன்.

முன்வாசல் படியில் குந்தி, மெத்தைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். உள்ளே இருந்து இரண்டு முறை தள்ளினான். பெரிய பலம் இருக்கவில்லை. அப்படி இருந்தபடியே முதலைக் கதையை முதலில் இருந்து முடிவு வரை, ஒன்றும் விடாமல் சொன்னேன். பதினெட்டு அடி என்று சொன்னேன். அது இப்போது பதிவில் இருக்கிறது, இனி ஒருவரும் மாற்ற முடியாது.

அவன் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. என் கதையை அந்தப் பிள்ளை முழுதாக, மரியாதையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.