பெத்தவங்க துணையோட

டேல்: படத்துக்கு ரெண்டு டிக்கெட், வெர்னாக்கா. பெரியவங்க ஒண்ணு, சின்னப் பையன் ஒண்ணு.

வெர்னா: சின்னப் பையன் எங்கப்பா?

டேல்: கர்ட்டா? வந்துட்டே இருப்பான். அவங்க அம்மா கார்ல கொண்டுவந்து விடறேன்னா.

வெர்னா: போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்ன.

டேல்: அது... கார் மக்கர் பண்ணிடுச்சாம். அதென்னக்கா, கண்ணாடியில புதுசா ஒட்டியிருக்கீங்க? படத்துக்குக் குடுக்கற பி.ஜி. சர்டிபிகேட் தெரியும். பக்கத்துல என்ன பதிமூணு?

வெர்னா: புதுசா வந்திருக்கு. பதிமூணு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க நல்லா யோசிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னு. எல்லாம் அந்த சாகசப் படத்தோட ரெண்டாம் பாகம் பண்ணின வேலை. நாடு பூரா அம்மாமாருங்க சண்டைக்கு வந்துட்டாங்க.

டேல்: நெஞ்சுக்குள்ள கையை விட்டு இதயத்தை...

வெர்னா: அதேதான். மே மாசம் நீயும் கர்ட்டைக் கூட்டிட்டு வந்தியே. பாதிப் படத்துல அலறிக்கிட்டு ஓடி வந்தான்.

டேல்: வெறும் பி.ஜி.ன்னுதானே போட்டிருந்துச்சு. பெத்தவங்க துணையோட பாக்கலாம்னு நினைச்சேன். நான் பெத்தவன்தானே? அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்.

வெர்னா: துணையோடன்னு இல்லடா... முன்னாடியே விசாரிச்சுக்கோன்னு அர்த்தம்.

டேல்: அவளும் அதையேதான் சொன்னா. ராத்திரியெல்லாம் பிள்ளை தூங்கலையாம், உனக்கெல்லாம் எதுக்குப் பிள்ளைன்னு... இந்த நம்பர் அப்பவே வந்திருக்கக் கூடாதா, அக்கா?

வெர்னா: விடு. படம் போடப் போறாங்க, உள்ள போய் உக்காரு. இங்கேயே நின்னா உன்னையும் பழைய போஸ்டர்னு கிழிச்சுடப் போறாங்க.

டேல்: அவன் வந்து தேடுவானே.

வெர்னா: டேல்... சொல்ல மறந்துட்டேன். கொஞ்சம் முன்னாடி அவங்க அம்மா போன் பண்ணினா.

டேல்: யாரு?

வெர்னா: கர்ட்டோட அம்மாதான். பிள்ளைக்குக் காய்ச்சலாம். அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்பறாளாம். அப்பாவைப் பாக்கணும்னு ஒரே அழுகையாம்.

டேல்: ஜூன்லயே ஒஹையோவை விட்டு ஆரிகனுக்குக் குடி போயிட்டாங்க, அக்கா. நாட்டோட அந்தக் கோடிக்கு. போன் நம்பர்கூடக் குடுக்கல. நான் இங்க வந்து நிக்கிறதே அவளுக்குத் தெரியாது.

வெர்னா: நான்... நீ தனியா நிக்கிறியேன்னு...

டேல்: பரவால்லக்கா. காய்ச்சல் ரொம்ப இருக்காமா?