எங்கக்கா தொறந்தாத் தொறக்கட்டும்

— இல்லக்கா, நல்லாப் பாத்துட்டேன். கேலரில இல்ல. அழிச்சதெல்லாம் போயி உழுகற குப்பைத்தொட்டி ஒண்ணு இருக்குமில்ல, அங்கயும் இல்ல. ஆரோ ரெண்டு எடத்துலயும் போயி அழிச்சிருக்காங்க.

— என்னத்த அழிச்சிருக்காங்க லோகா? தெளிவாச் சொல்லு. காப்பி ஆறுது பாரு.

— காப்பி கெடக்கட்டும். நஞ்சப்பண்ணன் செத்த அன்னைக்கு நம்ம தறிக் குடோன்ல நான் எடுத்த வீடியோ. கடைசித் தறி மோட்டார்ல ஒயரு தோலுரிஞ்சு தொங்குச்சே, அது.

— ஓ, அதா. உன்ற கை பட்டு அழிஞ்சிருக்கும் கண்ணு. நம்ம நிதீஷோட பொறந்தநாள் போட்டோ பூராம் எனக்கு அப்பிடித்தான் போச்சு.

— கை பட்டு ஒருக்கா அழியும். குப்பைத்தொட்டிக்குள்ளாற போயி மறுக்காவும் அழியுமா?

— போனப் பத்தி எனக்கென்ன தெரியும்?

— பாவாத்தாக்கா காத்தால பஸ்ஸுக்கே கோயமுத்தூரு போயிட்டாங்க. தொழிலாளர் ஆபீசுல பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நீங்க முன்னால போங்க, நான் வீடியோவோட வாரேன்னு சொல்லித்தான் அனுப்புனேன். அவங்க ஊட்டுக்காரரு நெஞ்சு வலில சாகல, கரண்டு அடிச்சுத்தான் செத்தாருன்னு காட்டறதுக்கு வேற என்ன இருக்குது? ஒடம்ப அன்னைக்குப் பொழுதோடயே எரிச்சாச்சு. ஒயர மச்சான் வந்ததும் வராததுமா மாத்திப்போட்டாரு.

— அவரு மேல பழி போடறயா? அந்தச் சாவுக்கு அவரு சோறு எறங்காமக் கெடந்தது எனக்குத்தான் தெரியும்.

— பழி போடலக்கா. கண்ணுல பாத்ததச் சொல்றேன்.

— அவ்வளவு முக்கியம்னா ஆருக்காச்சும் அனுப்பி வெச்சிருக்கலாமில்ல?

— ஆருக்கு அனுப்பறது? பாவாத்தாக்கா கைல இருக்கறது பட்டன் போனு. வேற ஒருத்தருக்கு அனுப்புனா பொழுதுக்குள்ள சோமனூரு பூராம் சுத்தும். மச்சான் பேரும் உன்ற பேரும் நாறிப்போகும். அதுக்குப் பயந்துட்டுத்தான் ஒருத்தருக்கும் அனுப்பல. நேரா ஆபீசர்கிட்டக் காட்டிரலாம், சத்தமில்லாம அந்தம்மாவுக்கு ஒரு நாயம் கெடச்சாப் போதும்னு இருந்தேன். போனுக்குள்ள இருந்தாப் பத்திரம்னு நெனச்சேன். என்ற மூஞ்சியக் காட்டுனாத்தான தொறக்கும்?

— அப்ப அவராத்தான் இருக்கும். நீ தூங்கறப்ப மூஞ்சிக்கு நேராப் புடிச்சுத் தொறந்திருப்பாரு.

— இப்பத்தான் அவரு மேல பழி போடறயான்னு கேட்ட.

— இல்ல… ஒரு யோசனைக்குச் சொன்னேன்.

— கண்ணு மூடியிருந்தாத் தொறக்காது, அப்பிடித்தான் வெச்சிருக்கேன். அதுமில்லாம, மச்சான் நேத்து வெடியால ஈரோட்டுக்குப் போனவரு இன்னும் ஊடு திரும்பல. நான் நேத்து சூலூர்ல இருந்து வந்து சாப்பிடறப்பக்கூட அந்த வீடியோவப் பாத்தேன். இருந்துச்சு. அதுக்கப்பறந்தான் போயிருக்குது.

— அப்ப ஆரு?

— நேத்து பொழுதோட நான் தலைக்குத் தண்ணி வாத்துக் குளிக்கப் போனேன். போனு எங்க இருந்துச்சு?

— எனக்கெப்பிடித் தெரியும்?

— இங்க, சமையக்கட்டுல, சார்ஜர்ல. இதே எடத்துல நீ வெங்காயம் உரிச்சிட்டிருந்த.

— போலீசுக்காரியாட்டம் கேக்கறயே. சொந்த ஊட்டுக்குள்ளயே.

— அக்கா, என்னையப் பாரு.

— அடுப்புல பால் இருக்குது.

— அடுப்ப நிறுத்திட்டேன். என்னையப் பாரு. இங்க. நேரா.

— எதுக்குப் போன மூஞ்சிக்கு நேராப் புடிக்கற? எடு அக்கட்ட!

— தொறந்துருச்சு.

— ரெட்டைப் புள்ளைகன்னா தொறக்கத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— ஆமா, தொறக்கும். போனு வாங்குன அன்னைக்கே கடைல ரசாக்கண்ணன் சொன்னாரு. ‘அம்மணி, உங்களாட்டமே இருக்கறவங்க மூஞ்சிக்கும் இது தொறந்துக்கும், உங்களுக்கு இந்தப் பூட்டு ஆகாது, நம்பரு போட்டுக்கங்க’ன்னாரு. நான் சிரிச்சேன். ‘எங்கக்காதானுங்களே, தொறந்தாத் தொறக்கட்டும்’னேன். இதே வார்த்தைதான்க்கா. கடைல நாலு பேரு நிக்கறப்ப, பெருமையாச் சொன்னேன்.

— லோகா…

— நீதான?

— நான் அழிக்கறதுக்குன்னு எடுக்கல. போனு சிணுங்குச்சு, ஆருன்னு பாக்கத்தான் எடுத்தேன். மூஞ்சியப் பாத்ததும் தொறந்துக்கிச்சு. சாமி சத்தியமா, அதுவாத்தான் தொறந்துச்சு.

— தொறந்தது அதுவா. அழிச்சதும் அதுவா?

— அழிச்சது நாந்தான். போதுமா?

— எப்பிடிக்கா கை வந்துச்சு?

— ஏன் வராது? பெத்த புள்ள நிதீஷப் பாத்தா வரும். இந்த ஊட்டப் பாத்தா வரும். அந்த வீடியோ ஆபீசர் கைக்குப் போனா குடோனப் பூட்டுவாங்க, அவரக் கொண்டுபோயி உள்ள வெப்பாங்க. அப்பாவுக்குப் பொறகு அந்தக் குடோன எடுத்து நிறுத்துன மனுசன் அவரு. நீ புருசன அத்துக்கிட்டு வந்து நின்னப்ப, ஒரு சொல்லுச் சொல்லாம உனக்கு ரூம்ப ஒழிச்சுக் குடுத்தாரு. அவரக் காட்டிக்குடுக்க உனக்குக் கை வந்துச்சில்ல?

— நஞ்சப்பண்ணன் அப்பா காலத்துல இருந்து நம்ம தறில நின்னவருக்கா. சிவப்பிரியா ஆரு, லோகப்பிரியா ஆருன்னு பொறத்தால இருந்து பாத்தே சொல்றவரு. அம்மாகூட சிலசமயம் தடுமாறும், அவரு தடுமாறுனதில்ல. அவரு கீழ கெடந்த கெடப்ப நீயும்தான பாத்த?

— பாத்தேன். நித்தமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன், கண்ண மூடுனா அதுதான் தெரியுது. அதுக்கோசரம் இருக்கறவங்களையும் சாவக் குடுக்கச் சொல்றயா? பாவாத்தாள நான் உட்டுருவனா? அவ பையனுக்கு நம்ம குடோன்லயே வேலை போட்டுக் குடுக்கலாம்.

— அதே தறிலயா?

— வாயில என்ன வந்தாலும் பேசிப்போடறதா?

— நம்பரா இருந்தா மாத்திக்கலாம். வேற போனுகூட வாங்கிக்கலாம். இந்த மூஞ்சிய நான் எங்க கொண்டுபோயி மாத்தறது? இனிமே கண்ணாடி பாத்தாக்கூட நீதான வந்து நிப்ப?

— பேக்க எதுக்கு எடுக்கற? இப்ப எங்க கெளம்பற?

— கோயமுத்தூருக்கு. வீடியோ போனாப் போகுது, பாத்த கண்ணு இருக்குதில்ல. வாயால சொல்றேன். ஆரு அழிச்சதுன்னு கேட்டா, எனக்குத் தெரியலைன்னு சொல்லிக்கறேன். உன்னையக் காட்டிக்குடுக்க மாட்டேன், பயப்படாத.

— போகாத கண்ணு.

— கைய உடுக்கா.

— உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன். இன்னைக்கு அங்க போகாத.

— என்ற நல்லதுக்கா? இதுல எனக்கு என்ன நல்லது கெட்டது இருக்குது?

— அதெல்லாம் கேக்காத. போகாதன்னாப் போகாத.

— இரு, போனடிக்குது. பாவாத்தாக்காதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. பாவாத்தாக்கா, சொல்லுங்க. நான் இப்பக் கெளம்பிட்டேன். வீடியோ மட்டும்… வீடியோ போன்ல இல்லீங்க. அழிஞ்சுபோச்சு.

— அழிஞ்சுபோச்சுங்களா?

— ஆமாங்க. ஆனா நான் நேர்ல வாரேன். பாத்ததச் சொல்றேன்.

— அப்ப ஆபீசரு சொன்னது மெய்தானுங்களா அம்மணி?

— என்ன சொன்னாரு?

— இப்பத்தானுங்க உள்ள கூப்புட்டுச் சொன்னாரு. முந்தாநாள் நாம குடுத்த மனுவ வெச்சு, நேத்து காத்தால அவரு உங்க குடோனுக்கே வந்து விசாரிச்சாராமுங்க.

— நேத்தா? நான் சூலூருக்கு வேலைக்குப் போயிருந்தேன். ஆபீசர் வந்தாருன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலைங்களே.

— பக்கத்துத் தறி ரங்கராஜு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாராமுங்க. அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு, இந்தத் தறில கைய வெச்சாலே ஷாக்கடிக்குது, நான் ஓட்ட மாட்டேன்னு எறங்கி வந்து ஓரமா நின்னாராமுங்க. அம்மணி ஒருத்தங்க வந்து, ‘எலெக்ட்ரீசியன் மத்தியானம் வருவாரு, அவசர ஆர்டரு, அதுவரைக்கும் சித்த ஓட்டுங்கண்ணா’ன்னு ஏத்தி உட்டாங்களாமுங்க. அவங்க சொன்னாத் தட்ட மாட்டாருங்களே அந்த மனுசன். போயிருக்காரு.

— எந்த அம்மணி? ரங்கராஜு ஆருன்னு சொன்னாரு?

— அவருக்கு ஆருன்னு சொல்லத் தெரியலைங்க. நீங்க ரெண்டு பேரும் அச்சுல வாத்தாப்பல இருக்கறீங்க. அதனால பெரிய அம்மணியக் கேட்டாராமுங்க ஆபீசரு. அவங்கதான் அழுதுட்டே சொன்னாங்களாமா, அது சின்ன அம்மணிதான், என்ற தங்கச்சிதான்னு.

— பாவாத்தாக்கா…

— நாலு நாளா எங்கூட உக்காந்து அழுதீங்களே அம்மணி. வீடியோ இருக்குது, வீடியோ இருக்குதுன்னு என்னைய இங்க வரைக்கும் வர வெச்சுப்போட்டு, அத நீங்களே அழிச்சுப்போட்டீங்களா?

— இல்லீங்க! லைன்லயே இருங்க, வெச்சுராதீங்க. அக்கா, இங்க திரும்பு. ஓட்டச் சொன்னது நீயா? அப்ப நீ மச்சானுக்கோசரம் அழிக்கல. உனக்கோசரந்தான் அழிச்சயா? வாயத் தொறந்து பேசுக்கா, அவங்க கேட்டுட்டு இருக்காங்க. அன்னைக்கு நான் காச்சல்ல சுருண்டு கெடந்தேன். குடோன்ல கூச்சல் கேட்டுத்தான் எந்திரிச்சு ஓடியாந்தேன். அதுக்கு முன்னால நான் கட்டில விட்டே எறங்கல. கஞ்சி கொண்டாந்து ஊட்டி உட்டது நீதான? வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், அத மட்டும் சொல்லு. அந்தம்மா காதுல உழுகற மாதிரி சொல்லு… எதுக்கு இப்பப் போனப் புடுங்கற? ஏன்க்கா கட் பண்ணுன?

— நீ காச்சல்ல கெடந்தது நம்ம ரெண்டு பேருக்குந்தான கண்ணு தெரியும்?