தாய்ப் படம்

மகள் விரும்பிய பையனிடம் ஊரைக் கேட்டுச் சாதியை அறிந்து, வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். அவள் அவனோடு ரண்டர்ஸ் நகரத்துக்குப் போய்விட்டாள்.

அகதிகளாய் இங்கு வந்த எம்மவர், ஊரிலிருந்து குடும்பத்தை அழைக்கக் கொடுத்த மனுக்கள் கிடப்பில் கிடந்த காலம் அது. ஒடென்சே நகரப் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ் இளைஞர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நேற்று ஒரு தாய்ப் படம் பார்த்தனான்.”

“கொம்மாவின்ர படமோ? விசா குடுத்திட்டாங்களோ?”

“விசரா, தாய்லாந்துப் படமடா. பெட்டை ஒருத்தனை விரும்புறாள். தகப்பன் அவனைக் கூப்பிட்டு, ‘நீந்தத் தெரியுமோ’ எண்டு மட்டும் கேக்கிறார். அவையின்ர வீடு ஆத்தங்கரையில. என்ன மனிசனடா!”

“எங்கட ஆக்களெண்டால் எந்த ஊர் எண்டெல்லோ கேப்பினம்!”

இருவரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிறே ரண்டர்ஸுக்குப் போய் மருமகனிடம் மன்னிப்புக் கேட்டேன். “உள்ளுக்கு வாங்கோ மாமா” என்று கூட்டிப்போய்த் தேநீர் தந்தான். மகள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.