ஆறு நாள் வேலை என்று எழுதியது நான்தான்

பெயர்: வெர்னா கோவால். வயது: அறுபத்தெட்டு. கணவர் பெயர்: ஒரெஸ்ட் கோவால். தொழில்: விவசாயம். முகவரி: கனடா, சஸ்காட்செவன் மாகாணம், லார்க்மூர் ஊருக்கு வடக்கே நான்காவது மைலில் உள்ள பண்ணை வீடு. அக்டோபர் மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, லார்க்மூர் காவல் நிலையத்தில், குடிவரவு விசாரணை அதிகாரி முன்னிலையில் சொல்வது.

நான் மேற்படி முகவரியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். அர்னெல் டுமலாவ் என்பவரை எனக்குத் தெரியும். அவர் பிலிப்பைன்ஸ்காரர், வயது முப்பத்தாறு இருக்கும். எங்கள் ஊரில் கிளென் ஃப்ரீசன் நடத்தும் டிராக்டர் பட்டறையில் மூன்று ஆண்டுகளாக மெக்கானிக்காக இருக்கிறார். கிளென் இரண்டு ஆண்டுகள் விளம்பரம் கொடுத்தும் இந்தக் குளிருக்குப் பயந்து ஒருவரும் எட்டிப் பார்க்காததால்தான் அவரை வரவழைத்தார். இப்போது மாகாணமே, இந்தத் தொழிலுக்கு இவர் எங்களுக்கு வேண்டும் என்று பெயர் குறித்து நியமனம் கொடுத்திருப்பதும், நிரந்தரமாகத் தங்குவதற்கான அவரது விண்ணப்பம் நிலுவையில் இருப்பதும், அது கிடைத்தால்தான் மனைவியும் ஏழு வயது மகளும் இங்கே வர முடியும் என்பதும் எனக்குத் தெரியும். கிளென் பட்டறையைத் தவிர வேறெங்கும் வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை என்பது மட்டும், என்னை விசாரணைக்கு அழைத்து அதிகாரியின் கடிதம் வரும்வரை சத்தியமாக எனக்குத் தெரியாது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் அறுவடை இயந்திரத்தின் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "ஏய் வெர்னா, மேற்கால பாருடி, மேகம் கட்டுதா?" என்றுதான் கேட்டாரே தவிர, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது ஆயிரத்து நூறு ஏக்கர் கோதுமை அறுக்காமல் நின்றது. அதன் பிறகு நான்கு நாட்கள் நான் மருத்துவமனையிலேயே இருந்தேன். வயலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், அறுவடை நேரத்தில் ஒரு வீட்டு ஆள் படுத்துவிட்டால், கூப்பிடாமலே அக்கம்பக்கத்தார் வந்து அறுத்துக் கொடுப்பது வழக்கம். அதன்படி பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஐந்து இயந்திரங்கள் எங்கள் வயலில் இறங்கின. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து, தூசி கிளம்புவதைப் பார்த்துத் தீ என்று நினைத்துப் பதறினேன். பிறகு விஷயம் தெரிந்து, காரை விட்டு இறங்காமலே சிறிது நேரம் அழுதேன். அன்று பட்டறைக்கு விடுமுறை. கிளென் தன் காரில் வந்தார், கூடவே அர்னெலும் வந்தார். அவர் வரும்போது கருவிப் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. பெண்களோடு சேர்ந்து சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சுமார் இரண்டு மணிக்கு, பக்கத்துப் பண்ணை டெனிஸ் புரோகோப்பின் இயந்திரம் நடு வயலில் நின்றுவிட்டது. டெனிஸ் அங்கிருந்தே கத்தினார்.

"டேய் அர்னெல், சட்டியத் தூக்கினது போதும், இங்க வா. இந்தக் கிழவி மூச்சு விட மாட்டேங்கிறா."

அர்னெல் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கிழவி மேல தப்பே இல்ல. நீங்க கடைசியா எப்போ கிரீஸ் வெச்சீங்க?" என்றார். டெனிஸைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு கிளென் பட்டறைக்குப் போய் ஒரு பேரிங்கும் கருவிகளும் எடுத்துவர, அர்னெல் அதை மாற்றிக் கொடுத்தார். இதற்கு மூன்று மணி நேரம் ஆனது.

அதன் பிறகு திங்கட்கிழமையும் புதன்கிழமையும் பட்டறை வேலை முடிந்து, ஆறு மணிக்கு மேல் அவர் வந்தார். திங்களன்று ஒரு பெல்ட்டை இறுக்கிக் கொடுத்தார். புதனன்று எதுவும் பழுதாகவில்லை, ஆகவே சாப்பிட்டார். முட்டைக்கோஸ் இலையில் சோற்றைப் பொதிந்து நாங்கள் செய்யும் ஹொலுப்சியில் பதினொன்று சாப்பிட்டார். "சோத்தப் போய் இப்படி ஒளிச்சு வெக்கிறீங்களேம்மா, யாராவது திருடிருவாங்கன்னா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அறுவடை முடிந்தது. மழை சனிக்கிழமைதான் வந்தது.

கூலி கொடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்கிறேன். ஒரு டின் நிறைய ஹொலுப்சி கொடுத்தனுப்பினேன். அவர் அந்த டின்னைக் காலியாகத் திருப்பித் தராமல், தன் ஊர் முறையில் செய்த நூடுல்ஸ் வைத்துக் கொடுத்தார். ஹொலுப்சி கூலி என்றால் நூடுல்ஸும் கூலிதான். அப்படியானால் நானும் அனுமதி இல்லாமல் வேலை பார்த்தவள் என்று எழுதிக்கொள்ளலாம்.

இனி பத்திரிகை விஷயம். எங்கள் ஊரில் இப்படி உதவி பெற்றவர்கள் வாரப் பத்திரிகையில் நன்றி அறிவிப்பு போட வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் ஈஸ்டர் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். செய்ததைச் செய்த அளவுக்கே எழுதினாலும் கஞ்சத்தனம் என்பார்கள். ஆகவே எல்லோருக்கும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவோம். நான் எழுதப்போவதைக் கேள்விப்பட்டு அர்னெல் போன் செய்தார்.

"அம்மா, பேப்பர்ல என் பேரு மட்டும் வேணாம். தயவு செஞ்சு."

"போப்பா, ரொம்பத்தான் வெக்கம் உனக்கு."

அவர் அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து, அவர் பெயரையே முதலில் போட்டேன். "ஆறு நாளும் எங்கள் வயலில் வேலை செய்து இயந்திரங்களை ஓடவைத்த மெக்கானிக் அர்னெல் டுமலாவுக்கு" என்று இருபத்தைந்தாம் தேதி வெளிவந்த வரி நான் எழுதியது. அதிகாரி காட்டிய பத்திரிகைத் துண்டு அதுதான். அந்த வரி பொய். அவர் வந்தது ஒரு ஞாயிறு மதியமும் இரண்டு மாலைகளும். அதே அறிவிப்பில், டெனிஸ் இரண்டு இயந்திரங்களோடு இரவு பகலாக உழைத்தார் என்று எழுதியதும் பொய். அவர் கொண்டுவந்தது ஒன்று, அதுவும் மூன்று மணி நேரம் நின்றது. இது வெளியே தெரிந்தால் டெனிஸ் என்னோடு பேச மாட்டார். தெரியட்டும்.

அதிகாரியின் கடிதம் எனக்கு வந்த அன்று அர்னெல் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்றைக்கும் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வருபவர், அன்று வாசலோடு நின்றார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"நல்லதுதானம்மா எழுதினீங்க. விடுங்க. கேட்டா, நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கு உபகாரம் செய்தவரின் பெண்டாட்டி பிள்ளையை என் பேனாவால் நானே தடுத்துவிட்டேனே என்று அன்று முழுவதும் வேதனைப்பட்டேன். தண்டனை ஏதும் உண்டென்றால் அது எழுதியவளுக்கு வரட்டும்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தபின் இவர் இந்த மாகாணத்திலேயே இருப்பாரா, பெரிய நகரம் பார்த்துப் போய்விடுவாரா என்று அதிகாரி கடைசியாகக் கேட்டார். அவர் மகள் இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் எங்கள் கோயில் நடன வகுப்பில் அவள் பெயரை எழுதிவைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. எனக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள், மூவரும் பக்கத்து மாகாணத்தில், கால்கரி நகரத்தில் இருக்கிறார்கள். அப்பா விழுந்த வாரம் மூவரும் தினமும் தவறாமல் போன் செய்தார்கள். அவர்கள் இங்கே இருப்பார்களா என்று எந்த அரசாங்கமும் என்னிடம் கேட்டதில்லை. அர்னெல் நாளைக்கே போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஆள் வேண்டியிருந்த அன்று அவர் இங்கே இருந்தார். அந்த நன்றி நான் சாகும்வரை இருக்கும், அதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

இதை அதிகாரி எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளதெல்லாம் நடந்தது, நடந்த அளவே சொன்னது.

(ஒப்பம்) வெர்னா கோவால்