ஒட்டாத நோய்

ஹலோ... ஹலோ... ஆமாண்டா, அக்காதான். இரு, இங்க மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, மாடிப்படிக்கு வந்துடுறேன்... ம், இப்பச் சொல்லு. எதுக்கு விடாம அடிச்சுக்கிட்டே இருக்க? துணி வெட்டுற மேஜையில போன் கிடந்து அதிருது, சூப்பர்வைசர் முறைக்கிறாரு.

...ஆமா, ஆமா. திங்கக்கிழமை உங்க ஊர் ஆஸ்பத்திரியில புற்றுக்குக் கரண்டு வைக்க ஆரம்பிக்கிறாங்க. நாங்க ஞாயித்துக்கிழமையே உன் வீட்டுக்கு வந்துடுறோம். பெட்டி கட்டியாச்சு. உங்க மாமாவுக்குக் கழுத்துத் தோல் வெந்துபோகுமாம், காலர் வச்ச சட்டையே ஆகாதுன்னு நர்ஸ் சொல்லிருச்சு. அதனால பழைய பனியனா எடுத்து...

...என்னது?

...பெயின்ட்டா?

...எந்த ரூமுக்கு? ...ஓகோ, வீடு முழுக்கவா. எப்ப முடியும்? ...ரெண்டு மாசம். ரெண்டு ரூம் வீட்டுக்கு ரெண்டு மாசம். அரண்மனைக்கு அடிக்கிறவன் கூட அதுக்குள்ள ஏணியைத் தூக்கிட்டுப் போயிருப்பான். என்ன கலருடா? ...கேக்குறேன்ல, என்ன கலரு? ...பாத்தியா. கலரே இன்னும் முடிவாகல.

சின்னவனே, பொய் சொல்றதுக்கும் ஒரு தெம்பு வேணும். உன்கிட்ட அதுவும் இல்ல. விஷயத்தைச் சொல்லு.

...ம்... ம்... யாரு பயப்படுறா? ...உன் பொண்டாட்டியா. பிள்ளைங்க இருக்கிற வீடுன்னு சொல்றாளா. ...வைரஸ். ஆமா, அந்த வார்த்தையைச் சொன்னதே நான்தான். டாக்டர் சொன்னதைக் கூடப்பிறந்தவன்கிட்ட அப்படியே ஒப்பிச்சேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். நீ அதுல தலையை மட்டும் கேட்டுட்டு வாலை விட்டுட்ட.

...இல்ல, நீ இரு. நான் பேசுறேன். மழைக்காலத்துலேர்ந்து அவருக்கு ஒரு பக்கக் காது அடைச்சே கிடந்துச்சு. கண்டக்டர் விசில் அடிக்கிறது கேக்காம அவர்பாட்டுக்கு பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போவாரு. இறங்குறவங்க எல்லாம் அடுத்த ஸ்டாப்புல இறங்கி அவரை ஏசிட்டுப் போவாங்க. டிப்போவுல செவிட்டு மாமான்னு பேரே வச்சுட்டாங்க. உன்கிட்ட சொன்னப்ப என்ன சொன்ன? அழுக்கு அடைச்சிருக்கும்ன. அப்புறம் காலையில காறித் துப்புனா ரத்தம். அதுக்கு, உடம்பு சூடுன்ன. ஷேவ் பண்றப்ப கழுத்துல கட்டி தட்டுப்பட்டுச்சு. அதுக்கு, நெறி கட்டியிருக்கும், தானா அமுங்கிடும்ன. நீ வச்சிருக்கிறது மூக்குக் கண்ணாடிக் கடைதானே? இல்ல, எங்களுக்குத் தெரியாம பின்பக்கமா ஒரு ஆஸ்பத்திரியும் நடத்துறியா?

...கோபம் வரட்டும். வந்தா நல்லதுதான்.

கடைசியில காது மூக்கு டாக்டர்தான் மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு டிவியில காட்டினாரு. மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல ஒரு இடம் இருக்குதாம். வாயைத் திறந்தாலும் தெரியாது, மூக்கைத் தூக்கிப் பாத்தாலும் தெரியாது. அந்தப் புற்று அங்க போய் உக்காந்திருந்துச்சு. காது அடைச்சதும் அதாலதான், ரத்தமும் அதாலதான். இதுக்குப் பின்னாடி ஒரு வைரஸ் இருக்குன்னாரு. எனக்கும் பகீர்னுதான் இருந்துச்சு. உடனே கேட்டேன், சார், எனக்கு ஒட்டிக்குமா, என் தம்பி வீட்டுல குழந்தைங்க இருக்கு, அங்க தங்கலாமான்னு. உன் பிள்ளைங்களுக்காக நீ கேக்குறதுக்கு முன்னாடி நான் கேட்டுட்டேன்டா.

...கேளு. அவர் சிரிச்சாரு. அம்மா, இந்த வைரஸ் எச்சில் வழியா பரவுறதுதான், ஆனா யார்கிட்டதான் இல்லன்னாரு. வளர்ந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் உடம்புல இருக்காம். சின்ன வயசுல ஒரு காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போகும், பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது. அப்புறம் உள்ள போய்ச் சுருண்டு படுத்துக்கும். அதுபாட்டுக்கு ஆயுசு முழுக்கத் தூங்கும். எங்கயோ ஒருத்தருக்கு, பரம்பரை, புகை, இன்னும் என்னென்னமோ கூடச் சேர்ந்து, அந்த இடத்துல இருக்கிற செல்லு கெட்டுப்போகுது. கெட்டது அவரோட செல்லு. அது தும்முனா பறந்து வந்து உன் பிள்ளை மூக்குல உக்காராது. புற்று ஒட்டாதுடா. அவர் கூட ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது.

நீயும் நானும் ஒரே டம்ளர்ல குடிச்சு வளர்ந்தோம். பாதி கடிச்ச மிட்டாயை உன் வாயிலேர்ந்து பிடுங்கித் தின்னிருக்கேன். அந்த வைரஸ் இந்நேரம் உன் உடம்புலயே குறட்டை விட்டுக்கிட்டு இருக்கும். போ, மொதல்ல அதை வெளிய அனுப்பிட்டு வா.

...என்ன? ...என்ன பழக்கம்? ...சத்தமாச் சொல்லு. முணுமுணுக்காத.

...அடப்பாவி. பொம்பளைங்க சகவாசத்தால வர்றதுன்னு யாரு சொன்னது? ...கடைக்கு வர்றவரா. கண்ணுக்குப் பவர் பாக்க வந்தவரு உங்க மாமா யோக்கியதையையும் பாத்துட்டுப் போனாரா. அவர் சொல்றது வேற வைரஸுடா. அது தொண்டையில, அடிநாக்குல வர்ற புற்றுக்கு. அதுக்குத் தடுப்பூசி இருக்கு, பிள்ளைங்களுக்குக் காலாகாலத்துல போடச் சொன்னாரு டாக்டர். போய்ப் போடு, புண்ணியமாப் போகும். அந்த வைரஸ் வந்தவங்களும் ஒண்ணும் தறிகெட்டவங்க இல்ல, அதுவும் ஊர் முழுக்க இருக்கிறதுதான். உங்க மாமா பஸ்ஸை விட்டா வீடு, வீட்டை விட்டா பஸ்ஸு. அந்த மனுஷனுக்குப் பொம்பளைங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சதே, உள்ள தள்ளிப் போங்கம்மான்னு ஒரு வாக்கியம்தான்.

...லாட்ஜா. எங்களை லாட்ஜுல இருக்கச் சொல்றியா. ஆறேழு வாரம். தெனமும் அவர் முகத்துக்கு அச்செடுத்த வலையை மாட்டி மேஜையோட சேத்து இறுக்குவாங்க, அசையக் கூடாது. போகப்போக வாய் வெந்து எச்சில் வத்திடும், தண்ணி கூட முழுங்க முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. கஞ்சி காய்ச்சக் கூட அடுப்பில்லாத ரூமுல அவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இங்கேருந்து போய் வரலாம்னா ரெண்டு பஸ் மாறணும், போறதுக்கே அரை நாள் ஆயிடும்.

போதும். நீ போனை உன் பொண்டாட்டிகிட்ட குடு. நான் நேரா அவகிட்டயே கேட்டுக்கிறேன். ...குளிக்கிறாளா. அப்ப உன் பின்னாடி பேசுறது யாரு? பெயின்டரா? ...குடுடா.

...ஹலோ... நீயாம்மா. ...ம், நல்லா இருக்காரு. ...சொல்லு. ...எந்த ரூமு? ...ஜன்னல் இருக்கிற ரூமை ஒழிச்சு வச்சுட்டியா. மெத்தையை வெயில்ல போட்டியா. ...பெயின்ட் பத்தி உனக்குத் தெரியாதா? ...இரு, இரும்மா. அப்ப நீ பயப்படலையா? ...சரி. ...சரி. பிள்ளைங்க டாக்டர்கிட்டயே போய்க் கேட்டியா. ...அவரும் அதேதான் சொன்னாரா. எல்லார்கிட்டயும் இருக்கிறது, அவங்க தாராளமா வரட்டும்னு. ...இவன்கிட்ட சொன்னியா? ...போன வாரமே சொல்லிட்டியா.

...இல்லம்மா, ஒண்ணுமில்ல. உன் பேரைச் சொல்லி ஒரு கதை ஓடுச்சு, முடிஞ்சுபோச்சு. நீ தங்கம். போனை அந்த மகராசன்கிட்ட குடு.

...ஏண்டா. பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னாடி ஒளியுறவனைப் பாத்திருக்கேன், அவ தலையிலயே பழியைப் போட்டுட்டு ஒளியுறவனை இப்பத்தான் பாக்குறேன். எல்லாம் தெரிஞ்சிருக்கு உனக்கு. போன வாரமே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே எனக்கு போனைப் போட்டு வைரஸுங்கிற. மனுஷன்தானா நீ?

...

...என்ன, அப்பாவா? ...பேசு.

...ம்.

...ஆமா. அப்பாவுக்கும் தொண்டையிலதான்.

...தெரியும்டா. நீதான் கூட இருந்த. ...தெரியும். மூக்குல குழாயைப் போட்டு அது வழியாக் கஞ்சி ஊத்துவ. ...ஆமா, பேச முடியாது, கையை ஆட்டித்தான் கூப்பிடுவாரு. ...இதை நீ சொன்னதே இல்லயே. கட்டிலைக் கையால தட்டித் தட்டிக் கூப்பிடுவாரா. ...இன்னைக்கும் எவனாவது மரத்தைத் தட்டுனா உனக்கு...

...சரி. ...சரிடா. சொல்லு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

...இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அக்கா, இன்னொரு தடவை பாக்க எனக்குத் திராணி இல்லன்னு ஒரு வரி. நான் ஏசியிருக்க மாட்டேன். ஏசியிருப்பேன், ஆனா கொஞ்சமா. உன் பயத்துக்கு உனக்கு ஒரு பேர் வேண்டியிருந்துச்சு. டாக்டர் சொன்ன பேரு சும்மாக் கிடந்துச்சு, எடுத்து மாட்டிக்கிட்ட. அது போதாதுன்னு ஒரு நல்ல மனுஷன் பேர்லயும் சேறு பூசப் பாத்த.

இங்க பாரு. அப்பாவுக்கு முத்திப்போய்க் கண்டுபிடிச்சாங்க. இவருக்கு அப்படி இல்ல. கழுத்தைத் தாண்டி எங்கயும் போகல. இந்த இடத்துல வர்றது கரண்டுக்கு நல்லாக் கரையும்னு டாக்டர் சொல்றாரு. சத்தியம் பண்ணல. ஆனா குனிஞ்சு எழுதிக்கிட்டே சொல்லல, எங்க முகத்தைப் பாத்துச் சொன்னாரு. அது போதும் எனக்கு.

நாங்க வர்றோம். அதுல மாத்தமில்ல. ஆனா நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு மருந்து போட நான் இருக்கேன். கஞ்சியைப் பாத்துக்க நாங்க ரெண்டு பொம்பளைங்க இருக்கோம். ராத்திரி அவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கும். நீ காலையில கடைக்குப் போ, சாயங்காலம் வா. ரூம் வாசல்ல நின்னு, என்ன மாமான்னு ஒரு வார்த்தை கேளு. அதுக்கு மேல முடியலேன்னா திரும்பிப் போயிடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

...சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். அக்கா வாக்கு.

...அழாத. ...அழாதடா, இந்தக் கண்ணோட கடைக்குப் போனா, வர்றவங்க எல்லாம் கண்ணாடி விக்கிறவன் கண்ணே சரியில்லன்னு போயிடுவாங்க.

...வந்துட்டேன் சார், ஒரே நிமிஷம், வீட்டுல உடம்பு சரியில்ல... டேய், சூப்பர்வைசர் படிக்கே வந்துட்டாரு. வைக்கிறேன்.

...என்ன? ...ஞாயித்துக்கிழமையா? பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு, நாங்களே ஆட்டோ பிடிச்சு... ஓ. பஸ் ஸ்டாண்டுக்கு இல்லயா. ...இங்கேயேவா. காரை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கேவா.

...நீயா ஓட்டிட்டு வரப்போற? அவ்வளவு தூரம் அவர் உன் பக்கத்துலதான் உக்காந்து வருவாரு, பரவாயில்லயா?

...சரி. ...சரிடா. வந்தா தெருவுல நின்னு ஹாரன் அடிக்காத, அவருக்குப் பாதிதான் கேக்கும். உள்ள வந்து எழுப்பு. வை.