பின்சீட்டு மணி

மதியம் ஒரு மணி. மதியம்தான்... ஆனால் டிசம்பரில், நம் வடக்கு நார்வேயில், அது நடுராத்திரிக்கு அண்ணன். கடலை நோக்கி ஆளில்லாத ஓடுபாதை. அந்த விளக்கை அணைக்காதே, லார்ஸ். கதை முடியும்போதும் சிரிக்கிறாயா என்று நான் பார்க்க வேண்டும்.

நம் ஹென்ரிக்கின் மச்சான் ஈவாருக்கு நடந்தது இது. அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவனுக்கு வேலை. ஓடுபாதைப் பனியில் பிரேக் பிடிக்குமா என்று கார் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி என்று விமானங்களை இறக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஓய்வறையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஈவார் இரண்டு பங்கு ஓட்டினான்... திரும்பிவிட்டான். போகாத மூன்றாவது பங்கையும் 'பரவாயில்லை' என்று வாய்கூசாமல் சொன்னான்.

அங்கே வெறும் கண்ணாடிப் பனி. அவன் சொன்னதை நம்பி இறங்கிய விமானம் வழுக்கிக்கொண்டே போய்க் கடலில் மூக்கைக் குத்தியது. விமானி ராக்னில்ட் தன் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பயணிகள் எல்லோரையும் வெளியேற்றினாள். அவள் மட்டும் வரவில்லை.

"வேகமா இறக்கிட்டா. அவ தப்புதான்." ஊரே பேசியது. ஈவாரும் தலையாட்டினான். அவளுடைய அப்பா கடையில் எதிரே வந்து, "எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல, ஈவார்" என்றபோதும்... பால் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவி.

விசாரணைக்கு ஓஸ்லோவிலிருந்து பெரித் என்று ஒருத்தி வந்தாள். அதே மாதிரி உறைபனி விழுந்த நாளாகப் பார்த்து, அவன் காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அன்னிக்கு எப்படி ஓட்டினியோ, அப்படியே ஓட்டு."

முதல் பங்கு. இரண்டாவது. அன்று திரும்பிய இடம் வந்தது... தாண்டினான்.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அடிக்கும் மணி. பெரித் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈவாரும். இரண்டும் மாட்டியிருந்தன. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எரிந்தது பின்சீட்டு பெல்ட் விளக்கு.

"பின்னாடி பை ஏதும் வெச்சிருக்கியா?"

"இல்லையே..."

காருக்குள் விமான எரிபொருள் வாடை. அதோடு கடல் உப்பு. பின்கண்ணாடி, உள்பக்கமாக, மூச்சுப் பட்டதுபோல் வெளுத்தது.

டிங் டிங் டிங் டிங்.

பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. எதிரே பாதை முடியும் சிவப்பு விளக்குகள். அதற்கப்பால் கறுப்புத் தண்ணீர்.

"நான் இங்க வரவேயில்ல!" ஈவார் அலறினான். "வாஃபிள் ஆறிடும்னு அங்கேயே திரும்பிட்டேன்! பொய் சொன்னேன்! ராக்னில்ட் மேல தப்பே இல்ல!"

கார் நின்றது. மணியும் நின்றது.

பின்னால்... 'க்ளிக்'.

பெரித் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, "மெதுவா ஓட்டு. பின்னாடி பார்க்காதே" என்றாள்.

பார்த்துத் தொலைத்தான். சீட்டில் யாருமில்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. ஆனால் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை... தடித்த குளிர்கோட்டு போட்ட ஆளைச் சுற்றியதுபோல், முன்னால் தள்ளி நின்றது.

மெல்ல... ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.